வீதியும் சந்தும்

நுழையும்முன்

நகரத்தின் வரலாறு ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும் மட்டும் எழுதப்படுவதில்லை. மக்கள் நாள்தோறும் நடக்கும் தெருக்களிலும் எழுதப்பட்டிருக்கிறது. அதனைப் படிப்பதற்குப் புத்தகம் வேண்டியதில்லை. நடக்கும் கால்களும் நின்று நோக்கும் கண்களும் வேண்டும். ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் இடைவிடாது வாழ்ந்துவரும் மதுரை மாநகரின் நடைவழிகள் சிலவற்றை இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

கோவலன் நடந்த நகரம்

ஒரு நகரத்தைக் கால்நடையாகச் சுற்றிக் கண்டவனைப் பற்றிய விரிவான செய்தி தமிழ் இலக்கியத்தில் உண்டு. அவன் கோவலன். புகாரிலிருந்து கண்ணகியோடும் கவுந்தியடிகளோடும் மதுரைக்கு வந்தவன், அவ்விருவரையும் நகரின் புறஞ்சேரியில் இருத்திவிட்டு, தான் மட்டும் நகருக்குள் செல்கிறான். அவன் கண்ட காட்சிகளே சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஊர்காண் காதையாக விரிகின்றன. மணிகள் விற்கும் தெரு, பொன் விற்கும் தெரு, துணி விற்கும் தெரு, தானியங்கள் குவிந்த கூலவீதி எனத் தெருத்தெருவாக நடந்துவிட்டு அவன் புறஞ்சேரிக்குத் திரும்புகிறான். பிழைப்புக்கு வழி தேடி ஓர் அயலூருக்கு வந்த வணிகன், முதலில் அவ்வூரை நடந்து பார்க்கிறான் என்பதை இளங்கோவடிகள் இயல்பாகக் காட்டுகிறார்.

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளைக் கொண்டது. பத்துப்பாட்டுள் மிக நீண்டது. பகலில் கூடும் நாளங்காடியையும் மாலைக்குப்பின் கூடும் அல்லங்காடியையும் அது விரித்துரைக்கிறது. மதுரை நகரைத் தாமரை மலராகவும், அதன் தெருக்களைப் பூவின் இதழ்களாகவும், நடுவிலுள்ள கோயிலைப் பொகுட்டாகவும் உருவகப்படுத்தும் மரபு பரிபாடலில் காணப்படுகிறது. உயர்ந்த இடத்திலிருந்து பார்த்தால் தோன்றும் வடிவம் அது. ஆனால், இதழ்களுக்கு இடையிலுள்ள நரம்புகளைக் காண வேண்டுமாயின் கீழே இறங்கி நடத்தல் வேண்டும்.

மதுரைக்கு வரும் பயணிகள் பெரும்பாலோர் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் கண்டு மீள்கின்றனர். இவ்விரண்டிற்கும் இடையே ஊர்தியில் செல்வோர்க்குச் சில நிமிடப் பயணம். அந்தச் சில நிமிடங்களில் அவர்கள் கடந்து செல்வது பல நூற்றாண்டுகளை.

மாதங்களின் பெயர் தாங்கிய வீதிகள்

மதுரையின் இன்றைய நகரமைப்பு பெரிதும் நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது. கோயிலை நடுவில் வைத்து, சதுரத்தைச் சூழ்ந்த சதுரங்களாக வீதிகள் அமைந்துள்ளன. கோயில் மதிலுக்கு உட்புறம் ஆடி வீதிகள். மதிலுக்கு வெளியே சித்திரை வீதிகள். அவற்றை அடுத்து ஆவணி மூல வீதிகள். அவற்றையும் சூழ்ந்து மாசி வீதிகள். கடைசியாக வெளி வீதிகள். ஒவ்வொன்றும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என நான்கு பகுதிகளாக வழங்குகின்றது. மாதங்களின் பெயர்கள் அவ்வம்மாதத் திருவிழாக்களோடு தொடர்புடையவை.

இங்கே கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் ஐயம் எழும். சித்திரைத் திருவிழாவின் தேர் சித்திரை வீதிகளில் ஓடுவதில்லை. மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. பெயருக்கும் வழக்கத்துக்கும் ஏன் இந்த முரண்? முற்காலத்தில் மாசி மாதத்தில் நடைபெற்ற தேரோட்டத்தையும் திருக்கல்யாணத்தையும் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் வைகையில் எழுந்தருளும் விழாவோடு இணைத்தார் என்பர். விழா மாதம் மாறியது. தேர் ஓடும் வீதி மாறவில்லை. வீதியின் பெயரும் மாறவில்லை. ஓர் அரசர் செய்த மாற்றத்தின் தடயத்தைத் தெருப்பெயர் இன்றளவும் காத்து நிற்கிறது.

மாசி வீதிகளின் மூலைகளுக்கு அப்பால் செல்வோர் வடம்போக்கித் தெரு என்னும் பெயர்ப்பலகையைக் காணலாம். வடம் என்பது தேரை இழுக்கும் பெருங்கயிறு. தேருக்கு முன்னே நெடுந்தொலைவு வடம் நீண்டிருக்கும். அதனைப் பற்றி இழுப்போர் தேருக்கு வெகுமுன்னே செல்வர். தேர் மூலையை அடையும்போது, வடம் பிடித்தோர் அம்மூலையைக் கடந்து நேராக முன்னே சென்றால்தான் தேர் திருப்புமிடம் வரை வந்து சேரும். அவ்வாறு வடம் போவதற்கு விடப்பட்ட தெருவே வடம்போக்கித் தெரு. இன்று கடைகளும் வீடுகளும் நெருங்கிய குறுந்தெருவாகத் தோன்றும் அதன் பெயரில், பெருந்தேரைத் திருப்பும் தொழில்நுட்பம் ஒன்று அடங்கியுள்ளது. ஊர்தியில் விரைபவர்க்கு அது வெறும் முகவரி. நடப்பவர்க்கு அது விளக்கம்.

கோட்டை இருந்த இடம்

மதுரை ஒரு காலத்தில் கோட்டை நகரம். பாண்டியர் காலக் கோட்டையை விரிவாக்கி, விசுவநாத நாயக்கர் காலத்தில் அகழியுடன் கூடிய பெருங்கோட்டை எழுப்பப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை பெருக, கோட்டைக்குள் நெருக்கடி மிகுந்தது. அப்போது மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். மதிலை இடித்து, அகழியை நிரப்பிச் சமன்செய்வோர்க்கு அந்நிலத்தை அளிக்க முன்வந்தார். மக்களே கோட்டையை இடித்தனர். கோட்டை இருந்த இடத்தில் தெருக்கள் எழுந்தன.

அப்பணியில் துணைநின்ற இருவரின் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் இடையே, மேற்கிலும் வடக்கிலும் பெருமாள் மேஸ்திரி வீதிகள். தெற்கிலும் கிழக்கிலும் மாரட் வீதிகள். ஒருவர் உள்ளூர்க் கட்டடப் பணியாளர்களின் தலைவர். மற்றவர் ஆங்கிலேய அலுவலர். அரசர்க்கும் தெய்வத்துக்கும் உரிய பெயர்களுக்கு அருகே, ஒரு மேஸ்திரியின் பெயரும் பெருநகரின் முதன்மைத் தெருவுக்கு அமைந்திருப்பது நினைக்கத்தக்கது. கோட்டைக்கு வெளிப்புறம் அமைந்தமையால் வெளி வீதி என்னும் பெயர் வந்தது. கோட்டை மறைந்தபின்னும் எது உள், எது வெளி என்பதைத் தெருப்பெயர்களைக் கொண்டே வரைந்துவிடலாம்.

கிழக்கு நடைவழி

கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே தொடங்கும் நடைவழி இது. முதலில் நிற்பது புதுமண்டபம். திருமலை நாயக்கர் இளவேனில் விழாவுக்காகக் கட்டிய இம்மண்டபத்தில் நாயக்க மன்னர்களின் சிலைகள் தூண்களில் செதுக்கப்பட்டுள்ளன. நீண்ட காலம் இம்மண்டபம் அங்காடியாகவும் விளங்கியது. தூண்களுக்கிடையே தையற்பொறிகள் ஓடின. பாத்திரங்களும் வளையல்களும் பழைய நூல்களும் விற்கப்பட்டன. பின்னர்க் கடைகள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. மண்டபத்தைக் காக்க அது தேவையாயிற்று. எனினும், கல்லில் செதுக்கிய உருவங்களுக்கு நடுவே உயிருள்ள தொழிலும் ஒரு மரபாக வளர்ந்திருந்தது என்பதை மறத்தற்கில்லை.

புதுமண்டபத்தை அடுத்து இராயகோபுரம் உள்ளது. கட்டி முடிக்கப்படாத கோபுரம் அது. அதன் அடிப்பகுதி மட்டுமே எஞ்சியுள்ளது. அடித்தளத்தின் அகலத்தையும் நிலைக்கற்களின் உயரத்தையும் கொண்டு, நிறைவுற்றிருந்தால் அக்கோபுரம் எவ்வளவு ஓங்கியிருக்கும் என்பதைக் கற்பனை செய்யலாம். அண்மையில் எழுகடல் தெரு. காஞ்சனமாலை கடலாட விரும்பியபோது, சிவபெருமான் ஏழு கடல்களையும் ஓரிடத்தில் வரவழைத்தார் என்பது திருவிளையாடல் கதை. அக்கதையோடு தொடர்புடைய குளம் இன்று இல்லை; அதன்மேல் கட்டடம் எழுந்துவிட்டது. கடலின் பெயர் தெருவில் மட்டும் தங்கியுள்ளது.

கோயிலுக்குக் கிழக்கே, கடைகளின் நெருக்கத்தில் ஒரு கல்வாயில் தனித்து நிற்கிறது. மதிலில்லாத வாயில் அது. பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாயில் என்று கருதப்படும் இதனை மக்கள் விட்டவாசல் என்பர். கோட்டை இடிபட்டபோது இடிக்காமல் விட்ட வாசல் என்பது பெயர்க்காரணம். வரலாற்று நூல்கள் பல பக்கங்களில் கூறும் செய்தியை மக்கள் வழக்கு இரண்டே சொற்களில் கூறிவிட்டது.

அங்கிருந்து கீழமாசி வீதி வழியாகத் தெற்கே நடந்தால் விளக்குத்தூண் எதிர்ப்படும். பிளாக்பர்ன் நினைவாக நிறுவப்பெற்ற இரும்பு விளக்குக் கம்பமே விளக்குத்தூண். அந்த நாற்சந்தி முழுவதற்கும் அதுவே பெயராயிற்று. விளக்குத்தூணுக்கு அருகில் துணிக்கடைகள் செறிந்த குறுகிய சந்து ஒன்றில் பத்துத்தூண் உள்ளது. திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையின் சொர்க்க விலாசம், அரங்க விலாசம் என்னும் இரு பகுதிகளில், அரங்க விலாசத்தின் எச்சமாக நிற்பவை இப்பத்துத் தூண்களே. மேற்கூரை இல்லை, சுவர் இல்லை, தூண்கள் மட்டும் வானை நோக்கி நிற்கின்றன. அவற்றின் அடியில் துணி வணிகம் ஓயாமல் நடைபெறுகிறது. அரண்மனையைக் காண நுழைவுச்சீட்டுப் பெறும் பயணிகள் பலர், அதே அரண்மனையின் மற்றொரு பகுதி சந்துக்குள் இருப்பதை அறியாது செல்கின்றனர்.

1636இல் கட்டி முடிக்கப்பெற்ற மகாலின் நாற்பங்கில் ஏறத்தாழ ஒரு பங்கே இன்று எஞ்சியுள்ளது. பத்துத்தூணிலிருந்து மகால் வரை நடப்பவர், மறைந்துபோன அரண்மனையின் மீதுதான் நடக்கிறார். இந்தத் தெருக்களில் சௌராட்டிர மக்களின் குடியிருப்புகள் மிகுதி. மேற்கிந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் புறப்பட்டுவந்த நெசவாளர் மரபினர் அவர்கள். வீட்டில் சௌராட்டிரமும் தெருவில் தமிழும் பேசுவர். துணியில் சிறுசிறு முடிச்சுகளிட்டுச் சாயம் தோய்த்து, முடிச்சவிழ்த்தபின் புள்ளிகள் மலரும் சுங்குடிச் சேலை அவர்களின் கைத்திறனால் புகழ்பெற்றது. மகாலுக்குக் கிழக்கே, கீழவெளி வீதியில் வியாகுல அன்னை பேராலயத்தின் கோபுரங்கள் இந்நடைவழியை நிறைவு செய்கின்றன.

மேற்கு நடைவழி

கோயிலின் மேற்குப் பக்கத்தில் மேல அனுமந்தராயன் கோயில் தெரு உள்ளது. குறுகிய அத்தெருவில் வீணைச் சின்னம் பொறித்த முகப்புடைய வீடு ஒன்று உண்டு. 1916இல் மதுரையில் பிறந்த இசைப்பேரரசி எம். எஸ். சுப்புலட்சுமி வளர்ந்த வீடு அது. அவருடைய அன்னை சண்முகவடிவு வீணைக் கலைஞர். மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமி என்பதன் சுருக்கமே எம். எஸ். சுப்புலட்சுமி. ஊரும் தாயும் அவருடைய பெயரிலேயே உடன்சென்றனர்.

மேலமாசி வீதியை அடைந்தால், இம்மையிலும் நன்மை தருவார் கோயிலும் மதனகோபால சுவாமி கோயிலும் உள்ளன. மேலமாசி வீதியிலேயே இன்று கதர் விற்பனை நிலையமாக விளங்கும் கட்டடத்தின் மாடியில் 1921ஆம் ஆண்டு காந்தியடிகள் தங்கியிருந்தார். செப்டம்பர் 22 அன்று தம் வழக்கமான உடையைத் துறந்து, முழங்காலளவு ஆடையை ஏற்றார். அந்நியத் துணியை விடுத்துக் கதர் உடுத்தும் அளவுக்குப் பொருள்வசதி இல்லாத ஏழைகளைக் கண்டு அவர் எடுத்த முடிவு அது. உலகம் அறிந்த காந்தியின் தோற்றம் உருவானது மதுரையின் ஒரு மாடியறையில்தான்.

[தெரியுமா?
மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த தூண்மண்டபம் ஒன்றை, அமெரிக்காவின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இன்று காணலாம். 1912இல் மதுரைக்கு வந்த அமெரிக்கப் பெண்மணி அடலின் பெப்பர் கிப்சன் அதன் கற்களை விலைக்கு வாங்கிச் சென்றார். அவர் மறைவுக்குப்பின், 1919இல் அவருடைய குடும்பத்தார் அவற்றை அருங்காட்சியகத்துக்கு அளித்தனர். கோயில் மேலமாசி வீதியில். அதன் மண்டபம் கடல் கடந்து!]

தெற்கே மேலும் நடந்தால் டவுன்ஹால் சாலை. அங்குள்ள கடைகளுக்குப் பின்னே ஒரு தெப்பக்குளம் உண்டு என்பதைச் சாலையில் செல்வோர் எளிதில் உணர்வதில்லை. கூடலழகர் பெருமாள் கோயிலுக்குரிய தெப்பக்குளம் அது. நெடுங்காலம் நாற்புறமும் கடைகளால் மறைக்கப்பட்டிருந்தது. நீர்நிலை கண்ணுக்குத் தெரியாதபோது அதற்கு வரும் நீர்வழியும் நினைவிலிருந்து மறைகிறது. நீர்வழி மறைந்தால் குளம் வறள்கிறது. ஒரு குளத்தை அழிப்பதற்கு மண் கொட்ட வேண்டியதில்லை. அது கண்ணில் படாமல் செய்துவிட்டாலே போதும் என்னும் பாடத்தை இவ்விடம் கற்பிக்கிறது.

கூடலழகர் கோயிலில் இறைவன் இருந்த, நின்ற, கிடந்த என மூன்று கோலங்களில் அடுக்கடுக்கான தளங்களில் காட்சியளிக்கிறார். இக்கோயிலுக்கு அணித்தே காஜிமார் பெரிய பள்ளிவாசல் உள்ளது. பாண்டிய மன்னர் அளித்த நிலத்தில் இப்பள்ளிவாசல் எழுந்தது என்பது வழிவழியாகக் கூறப்பட்டுவரும் செய்தி. கோயிலும் பள்ளிவாசலும் சில அடிகள் நடந்தால் எட்டும் தொலைவில் நூற்றாண்டுகளாக இருந்துவருகின்றன. ஒற்றுமை என்பது மேடையில் பேசும் பொருளாக அன்றி, அன்றாடம் கடக்கும் தெருவாக அங்கே அமைந்துள்ளது.

வடக்கு நடைவழி

கோயிலுக்கு வடக்கே வைகையை நோக்கிச் செல்லும் நடைவழியைத் தமிழ்வழி எனலாம். வடக்கு வெளி வீதியில் உள்ள சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் 1904ஆம் ஆண்டு ஏறத்தாழ மூன்று திங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றினார் பாரதியார். அதனை அடுத்துள்ள பகுதி சிம்மக்கல். அதற்கும் அப்பால் யானைக்கல். கல்லில் செதுக்கிய சிங்கமும் யானையும் இவ்விடங்களுக்குப் பெயராயின. தமிழ்ச்சங்கச் சாலையில், 1901ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச்சங்கம் உள்ளது. ஏட்டுச்சுவடிகளைத் தேடித் திரட்டியும், செந்தமிழ் என்னும் இதழை நடத்தியும் அச்சங்கம் தமிழாய்வுக்கு அடித்தளமிட்டது.

யானைக்கல்லைக் கடந்தால் வைகை. 1889இல் திறக்கப்பெற்ற ஆல்பர்ட் விக்டர் பாலம் ஆற்றின் இருகரைகளையும் இணைக்கிறது. அக்கரையில் கோரிப்பாளையம் பள்ளிவாசலும் அப்பால் தமுக்கமும் உள்ளன. தமுக்கத்தில் இராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடம் 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகமாக விளங்குகிறது. மேலமாசி வீதியில் ஆடையைத் துறந்தவரின் இறுதி நாளில் குருதி தோய்ந்த ஆடை இங்கே காக்கப்படுகிறது. ஒரே நகரின் இரு கட்டடங்களுக்கு இடையே ஒரு மாமனிதரின் வாழ்வில் இருபத்தாறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் விரிந்து கிடக்கிறது.

சந்துகள் சொல்லும் செய்தி

பெருவீதிகள் அரசாலும் விழாவாலும் உருவானவை. சந்துகள் தொழிலாலும் தேவையாலும் உருவானவை. எழுத்தாணிக்காரத் தெரு, சித்திரக்காரத் தெரு, வெண்கலக்கடைத் தெரு, நெல்பேட்டை ஆகிய பெயர்களை வரிசையாகச் சொன்னாலே ஒரு நகரின் தொழிற்பட்டியல் கிடைத்துவிடும். பனையோலையில் எழுதும் வழக்கம் மறைந்தபின் எழுத்தாணிக்குத் தேவை இல்லை. ஆனால், ஏடெழுதும் நாகரிகம் இங்கே ஒரு தெருவுக்கே பெயராக அமைந்தது என்பதை அத்தெரு நினைவூட்டுகிறது. கூலம் குவிந்த வீதியைக் கோவலன் கண்டான். இன்று கீழமாசி வீதியில் பலசரக்கு மூட்டைகளையும், கீழமாரட் வீதியில் வெங்காய மூட்டைகளையும் காண்கிறோம். பொருள்கள் மாறின, தெருவுக்கொரு பொருள் என்னும் வணிகமுறை மாறவில்லை.

கட்டடங்களின் அகவையை அறிய நடப்போர்க்கு எளிய வழி ஒன்று உண்டு. வாயிற்படிகளை நோக்க வேண்டும். பழைய வீடுகள் பல தெருவைவிடத் தாழ்ந்திருக்கும். அவை கட்டப்பட்டபோது தாழ்ந்திருக்கவில்லை. படியேறித்தான் திண்ணையை அடைந்திருப்பர். பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் மீண்டும் மீண்டும் சாலை போடப்பட்டமையால் தெரு உயர்ந்தது, வீடு தாழ்ந்தது. மழைக்காலத்தில் தெருநீர் வீட்டுக்குள் புகுகிறது. அவ்வீட்டில் வாழ்வோர் வேறு வழியின்றிப் பழைய வீட்டை இடித்து உயர்த்திக் கட்டுகின்றனர். மரத்தூண்களும் திண்ணையும் நிலைக்கதவும் ஒருசேர மறைகின்றன. மரபுக் கட்டடம் ஒன்று அழிவதற்குப் பேராசைதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கவனமின்றிப் போடப்பட்ட சாலையும் காரணமாகலாம்.

யாருக்கு அறியாத வழி?

அறியாத வழி, மறைந்த தெரு, காணாத இடம் என்றெல்லாம் சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. இச்சொற்களைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பத்துத்தூண் சந்தில் துணி மூட்டை சுமந்து செல்பவருக்கு அது அறியாத வழியன்று. நாள்தோறும் உழைக்கும் இடம். விடியலுக்கு முன் பூக்கூடையோடு கோயிலை நோக்கி நடக்கும் பெண்ணுக்கு எந்தச் சந்தில் நுழைந்தால் எந்த வீதியில் வெளிப்படலாம் என்பது தெரியும். புதிதாக வருபவர் கண்டுபிடிப்பது எதுவுமில்லை; அங்கு வாழ்பவர் அறிந்திருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார், அவ்வளவே.

ஆதலின், நடந்து அறிதலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. வீட்டுத் திண்ணையில் இருப்போரை இசைவு பெறாமல் படமெடுத்தல் தகாது. சுமையோடு வருபவர்க்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும். வழிபாட்டிடங்களின் நெறியைப் போற்ற வேண்டும். தெருப்பெயரின் காரணத்தை அங்குள்ள முதியோர் கூறினால், அதனை மறுக்காமல் குறித்துக்கொண்டு, பின்னர் நூல்களோடு ஒப்பிட வேண்டும். வாய்மொழிச் செய்தி வரலாறாகிவிடாது. ஆயினும் வரலாற்றைத் தேடுவதற்கு அது திசைகாட்டும்.

மற்றொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. நடைபாதைகளில் ஊர்திகள் நிறுத்தப்பட்டும், சந்துகளின் நுழைவாயில்கள் அடைக்கப்பட்டும் வரும்போது, நடப்பவர் குறைகின்றனர். நடப்பவர் குறைந்தால், சந்தின் உள்ளே இருக்கும் தூணையும் குளத்தையும் பார்ப்பவர் குறைகின்றனர். பார்ப்பார் இல்லாதது இடிந்தாலும் கேட்பார் இல்லை. நமது கூட்டுப் பண்பாட்டின் வளமான மரபை மதித்துப் பேணுதல் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு கூறுகிறது. பேணுதலின் முதற்படி காணுதல். காணுதலின் எளிய வழி நடத்தல்.

மதுரைக்கு மட்டும் உரிய செய்தியன்று இது. தஞ்சையிலும் காஞ்சியிலும் நெல்லையிலும் வேலூரிலும் பெருவீதிகளுக்குப் பின்னே சந்துகள் உள்ளன. தேர் திரும்பும் மூலை, தூர்ந்த அகழி, பெயர் மட்டும் எஞ்சிய குளம், தொழில் மறைந்தும் பெயர் மறையாத தெரு ஆகியன எல்லா ஊர்களிலும் படிப்பாரை நோக்கிக் காத்திருக்கின்றன. பள்ளிக்குச் செல்லும் வழியிலேயே அவற்றுள் ஒன்று இருக்கக்கூடும்.

சொல்லும் பொருளும்

பொகுட்டு – தாமரையின் நடுவிலுள்ள கொட்டை
கூலம் – தானியம்
அல்லங்காடி – இரவுக் கடைத்தெரு
வடம் – தேர் இழுக்கும் பெருங்கயிறு
அகழி – கோட்டையைச் சூழ்ந்த நீர்நிலை
அணித்தே – அருகிலேயே

இலக்கணக் குறிப்பு

நடத்தல் – தொழிற்பெயர்
விட்ட வாசல் – பெயரெச்சம்
அறியாத வழி – எதிர்மறைப் பெயரெச்சம்
கோயிலும் பள்ளிவாசலும் – எண்ணும்மை

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் அரை மணி நேரத்தில் நடந்து முடிக்கத்தக்க வழி ஒன்றைத் தெரிவு செய்க. அவ்வழியிலுள்ள தெருப்பெயர்களைப் பட்டியலிட்டு, அவற்றின் பெயர்க்காரணங்களை முதியோரிடம் கேட்டு எழுதுக.
2. உங்கள் தெருவிலுள்ள பழைய வீடு ஒன்றின் வாயிற்படி, தெருவின் உயரத்துக்கு மேலே உள்ளதா, கீழே உள்ளதா என்பதை உற்றுநோக்கி, அதற்கான காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.
3. ஊர்காண் காதையில் கோவலன் கண்ட வீதிகளையும் இன்றைய கடைத்தெரு ஒன்றையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.

குறுவினா

1. விட்டவாசல் என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. வெளி வீதி – பெயர்க்காரணம் தருக.

சிறுவினா

1. சித்திரைத் தேர் மாசி வீதிகளில் ஓடுவதன் காரணத்தை விளக்குக.
2. வடம்போக்கித் தெருவின் தேவையைத் தேரோட்டத்தோடு பொருத்திக் காட்டுக.

நெடுவினா

1. ‘பேணுதலின் முதற்படி காணுதல்’ – இக்கருத்தைப் பாடப்பகுதியில் இடம்பெறும் மூன்று சான்றுகளைக் கொண்டு நிறுவுக.
2. புதுமண்டபத்திலிருந்து கடைகளை மாற்றியதால் விளைந்த நன்மையையும் இழப்பையும் ஆராய்ந்து, உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.